மூன்றாவது கையெழுத்து

மாணவத் தாதியருக்கென்று கல்லூரி கொடுத்த சிறு புத்தகத்தில் முப்பத்திரண்டு விதிகள் இருந்தன. அவற்றில் ஒன்பது தலைமயிரைப் பற்றியவை. கொண்டை எந்த உயரத்தில் இருக்க வேண்டும், வலை என்ன நிறம், ஊசி எத்தனை என்று யாரோ ஒரு புண்ணியவான் இருந்து யோசித்து எழுதியிருந்தார். சப்பாத்துக்கு நான்கு விதி, நகத்துக்கு இரண்டு, கைபேசிக்கு மூன்று. பொய்க்கு ஒன்றே ஒன்றுதான். இருபத்தேழாவது: செய்யாத ஒன்றைச் செய்ததாகப் பதியக் கூடாது.

மூன்று வருடத்தில் சுபாஜினி மற்ற விதிகளில் பாதியையாவது மீறி வாங்கிக் கட்டியிருந்தாள். கொண்டை வலையை மறந்துவிட்டு வந்து வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவள். சுண்டுவிரல் நகத்தில் கொஞ்சம் சாயம் மிச்சமிருந்ததற்கு ஒரு வாரம் விடுதியை விட்டு வெளியே போக முடியாமல் கிடந்தவள். இருபத்தேழாவதை மட்டும் அவள் ஒரு விதியாகவே எண்ணியதில்லை. யாரோ கள்ள மனம் உள்ளவர்களுக்கு எழுதியது, தனக்கில்லை என்று இருந்துவிட்டாள். கடைசியில் அவளைப் பிடித்தது அதுதான்.

ஒவ்வொரு மாணவியிடமும் பச்சை மட்டை போட்ட செய்முறைப் பதிவேடு ஒன்று உண்டு. ஊசி போடுவது, புண்ணுக்கு மருந்து கட்டுவது, சேலைன் ஏற்றுவது என்று எதை எத்தனை தரம் செய்ய வேண்டும் என்று அதில் இருக்கும். செய்து முடித்ததும் வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் கையெழுத்து வைப்பார். எல்லாக் கட்டமும் நிரம்பினால்தான் இறுதிச் சோதனைக்குப் பெயர் போகும். இல்லாவிட்டால் ஆறு மாதம் காத்திருந்து அடுத்த தொகுதியோடு எழுத வேண்டியதுதான். சுபாஜினியின் புத்தகத்தில் ஒரே ஒரு கட்டம் வெறுமையாக இருந்தது. இறந்தவரின் உடலைப் பேணல், மூன்று தரம். இரண்டு முடிந்திருந்தது. புத்தகம் கொடுக்கக் கடைசி நேரம் திங்கட்கிழமை மதியம் பன்னிரண்டு மணி. அதற்கு முதல் ஒருவர் சாக வேண்டும் என்று எந்தக் கோயிலில் போய் நேர்ந்துகொள்வது?

அந்த நேரம் பார்த்துத்தான் வீட்டில் பொன்னுருக்கினார்கள்.

அண்ணன் கோபிசங்கருக்கு வருகிற புதன்கிழமை கல்யாணம். தாலிக்குப் பொன்னுருக்குவது மாப்பிள்ளை வீட்டில்தான். வியாழக்கிழமை நல்ல நேரத்தில் ஆசாரியார் மட்டுவிலுக்கு வந்து, அவர்கள் வீட்டு விறாந்தையில் இருந்து பொன்னை உருக்கினார். முற்றத்தில் கன்னிக்கால் நட்டார்கள். சுபாஜினி அரைநாள் லீவில் போய் வந்தாள். பொன்னுருக்கிய பிறகு, கல்யாணம் முடியும்வரை அந்த வீட்டு ஆட்கள் செத்த வீட்டு வாசலை மிதிப்பதில்லை. சாவுத் துடக்கு, அந்தத் தீட்டு எதுவும் வீட்டு வளவுக்குள் வரக்கூடாது. அதிலும் சுபாஜினி மாப்பிள்ளையின் தங்கை. கூறைச்சேலையும் தாலியும் வைத்த தட்டை மணவறைக்குத் தூக்கிக்கொண்டு போகப்போகிறவள் அவள்தான்.

அன்றைக்கு அவள் திரும்பிப் போக வெளிக்கிட்டபோது தாய் மீனாம்பிகை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய்ச் சொன்னாள்.

"இஞ்சை பார் பிள்ளை. உன்ரை ஆஸ்பத்திரியிலை ஒவ்வொரு நாளும் செத்த வீடுதான், எனக்குத் தெரியும். ஆனால் புதன்கிழமை கழியுமட்டும் நீ ஒரு பிரேதத்தையும் தொடப்படாது."

"அம்மா, நாங்கள் தெரிஞ்செடுத்துத் தொடுறேல்லை. சொன்னால் செய்யோணும்."

"வேறை ஆரையும் செய்யச் சொல்லு. தேப்பன் இல்லாத பிள்ளையின்ரை கலியாணம். ஒரு குறை வந்தாலும் என்ரை தலையிலைதான் வந்து விழும். தொடமாட்டன் எண்டு சொல்லு."

"சரி, தொடமாட்டன்."

மீனாம்பிகை பிடிவாதக்காரி அல்ல. பயந்துபோன மனுஷி. சுபாஜினி கல்லூரிக்குச் சேர முந்தின வருடம், தகப்பன் கதிரவேலுவைக் கொரோனா கொண்டுபோனது. ஆஸ்பத்திரிக்கு நடந்து போன மனுஷனை மூடிய பெட்டியில்தான் காட்டினார்கள், அதுவும் தூரத்தில் வைத்து. முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. இப்போது பெற்ற மகனின் தாலிக்குப் பொன் உருகும்போதுகூட மீனாம்பிகை குசினி வாசலில் நின்று எட்டித்தான் பார்த்தாள். கிட்ட வராதே என்று ஒருவரும் சொல்லவில்லை. அவளாகவே நின்றுகொண்டாள். அப்படிப்பட்டவளிடம் நியாயம் பேச சுபாஜினிக்கு வாய் வரவில்லை.

வார்டில் பதினொராம் கட்டிலில் இராசபூபதி என்ற பூபதியம்மா இருந்தார். எழுபத்தெட்டு வயது. காங்கேசன்துறை ஊர். புருஷன் ஒரு காலத்தில் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர், செத்து வெகுகாலம். ஒரே மகன் வாகீசன் கனடாவில். பூபதியம்மாவின் இதயம் களைத்துப்போய், கால் இரண்டும் வீங்கிப் பன்னிரண்டு நாளாகிவிட்டது. வாய் மட்டும் களைக்கவில்லை.

மனுஷிக்கு அழகுப் பைத்தியம். காலையில் சுபாஜினி முகம் துடைத்துத் தலை இழுத்து முடிக்கும்வரை டொக்டர்மாரைக் கட்டிலுக்குக் கிட்ட விடமாட்டார். மேலும் கீழுமாக இரண்டு வரிசைப் பல்செற் வைத்திருந்தார். படுக்கும்போது அதைக் கழற்றி, ஒரு சில்வர் பேணியில் தண்ணீர் விட்டுப் போட்டு, லொக்கரின் ஆகப் பின்னால், பால்மா டின்னுக்குப் பின்னே ஒளித்து வைப்பார். ஆஸ்பத்திரியில் கள்ளன் வந்தால் முதலில் தன் பல்லைத்தான் தேடுவான் என்பது அவர் எண்ணம். பல் வாயில் இல்லாத நேரங்களில் கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் கதைப்பார்.

"உது இல்லாமல் நான் என்ரை மனுசனுக்கே முகம் காட்டேல்லை, தெரியுமோ?" என்றார் ஒருநாள்.

"அவருக்குத் தெரியாதோ?"

"தெரியும். காட்டேல்லை." சிரித்துவிட்டு, சுபாஜினியின் கையைப் பிடித்துக் கிட்ட இழுத்தார். "பிள்ளை, நான் கண்ணை மூடினவுடனை முதல் வேலையா உதை எடுத்து எனக்குப் போட்டுவிடு. சுணங்கினால் வாய் இறுகிப்போமாம். வாகீசன் வந்து பாத்திட்டு, ஆரோ ஒரு கிழவியெண்டு திரும்பிப் போடுவான்."

"நீங்கள் இப்ப எங்கை போறியள்? அவர் வரேக்கை நீங்களே போட்டுக்கொண்டு சிரியுங்கோ."

"கதையை மாத்தாதை. போட்டுவிடுவியோ?"

"ஓம் அம்மா, போட்டுவிடுறன்."

"ஆரிட்டையும் சொல்லாதை. உனக்கு மட்டும்தான் பேணி எங்கை இருக்கெண்டு தெரியும்."

இதெல்லாம் நடந்தது பொன்னுருக்குக்கு நாலு நாள் முன்னால். வெள்ளிக்கிழமை மூச்சு முட்டத் தொடங்கி, மாஸ்க் போட்டார்கள். பல் பேணிக்குள்ளேயே கிடந்தது.

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குப் பூபதியம்மாவின் மூச்சு நின்றது. டொக்டர் வந்து பார்த்து நேரத்தை எழுதிவிட்டுப் போனார். அன்று பார்த்து வார்டில் கால் வைக்க இடமில்லை, நிலத்தில்கூட பாய் போட்டு ஆட்கள் கிடந்தார்கள். வார்டுக்குப் பொறுப்பான சிவகௌரி சிஸ்டர் ஒரு காதில் ரெலிபோனை வைத்தபடி, "பிரதீபா, சுபாஜினி, ரெண்டு பேரும் போய்ப் பதினொண்டைச் செய்யுங்கோ" என்று கை காட்டினார்.

பிரதீபா மயிலிட்டிக்காரி, கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளை. விடுதியில் இருவருக்கும் ஒரே அறை. சுபாஜினி வீட்டுப் பொன்னுருக்குப் பலகாரத்தில் பாதியைத் தின்றவள் அவள்தான், ஆகவே எல்லாம் தெரியும்.

"நீ வெளியிலை நில்லடி," என்றாள் பச்சைத் திரையை இழுத்தபடி. "சாமானை எடுத்து எடுத்துத் தா. நான் செய்யிறன்."

"தனியச் செய்வியோ?"

"செய்வன். நீ தட்டுத் தூக்கிற ஆள். சும்மா நில்."

சுபாஜினி சும்மா நின்றாள். பஞ்சு கேட்டபோது பஞ்சு, துணி கேட்டபோது துணி. பெயர் எழுதிய அட்டையைக் கேட்டபோது, பிரதீபாவின் விரல் தன் விரலில் முட்டாமல் நுனியில் பிடித்து நீட்டினாள். திரைத் துணி காலில் தட்டுகிறதே, அது தொட்டதாகுமா? சாமான் எடுத்துக் கொடுத்தால் துடக்கு வருமா? தட்டில் வைத்த தாலிக்கு ஏதும் ஆகுமா? யோசனை முழுவதும் இப்படியே ஓடிற்று. அந்த இருபது நிமிடமும் திரைக்கு உள்ளே கிடந்தது அவளுக்கு ஒரு பிரேதம். பூபதியம்மா இல்லை. பூபதியம்மாவை அவள் ஒரு தரம்கூட நினைக்கவில்லை.

உடலை அனுப்பிய பிறகு இருவரும் பதிவேடுகளைக் கொண்டுபோய் நீட்டினார்கள். சிஸ்டர் இன்னும் ரெலிபோனில்தான் நின்றார். பேனாவுக்குக் கையை நீட்டினார். சுபாஜினிதான் தன் பேனாவைக் கொடுத்தாள். இரண்டு புத்தகத்திலும் கையெழுத்து விழுந்தது.

அன்று பின்னேரம் வீட்டுக்கு ரெலிபோன் எடுத்து, "ஒண்டையும் தொடேல்லை அம்மா" என்றாள். பொய் இல்லை. புத்தகத்தில் செய்ததாக இருந்தது, வீட்டில் தொடாததாக இருந்தது, எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். ஒரே நாளில் இரண்டு பக்கமும் நல்ல பிள்ளையாக இருப்பது இவ்வளவு லேசா என்று அவளுக்கே வியப்பு.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொராம் கட்டிலுக்குப் புது ஆள் வந்தது. லொக்கரைத் துடைக்கச் சொன்னார்கள். பூபதியம்மாவின் அயலட்டைப் பெண் வந்து உடுப்புப் பையையும் போர்வையையும் கொண்டுபோயிருந்தாள். பால்மா டின்னை விட்டுவிட்டுப் போயிருந்தாள். சுபாஜினி அதை எடுத்தாள். பின்னால் சில்வர் பேணி இருந்தது.

மூடியைத் திறக்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பேணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஐயோ அம்மா, ஐயோ அம்மா என்று வாய்க்குள்ளேயே சொன்னாள். நாலடி தூரத்தில் பல் இருந்தது. அதே நாலடியில் அந்த அம்மாவும் இருந்தார். இந்தப் பக்கம் அவள் நின்றாள், திரைக்குள் போகாமல்.

பிரதீபா வந்து பார்த்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் முகமும் சுருங்கிவிட்டது.

"எனக்குச் சொல்லியிருக்கலாமேயடி. வாய் உள்ளுக்குப் போய்க் கிடந்தது. நான் நினைச்சன் மனுசிக்குப் பல்லே இல்லையெண்டு."

"நான் மறந்துபோனன். மகன் எப்ப வாறாராம்?"

"நாளைக்குப் பத்து மணிக்குப் பிரேத அறைக்கு வந்து எடுக்கினமாம்." பிரதீபா பேணியை வாங்கப் பார்த்தாள். "குடு. பிரேத அறை அடைக்கலநாதன் அண்ணையை எனக்குத் தெரியும். அவரிட்டைக் கதைச்சு எப்பிடியும் போடுவிக்கிறன். ஒருத்தருக்கும் தெரியாது. நீ புத்தகத்தைக் குடுத்திட்டு வீட்டை போ."

கொடுத்திருக்கலாம். பிரதீபா சொன்னால் செய்து முடிப்பவள். சுபாஜினி பேணியைப் பார்த்தாள், பிரதீபாவின் நீட்டிய கையைப் பார்த்தாள்.

"ரெண்டாந் தரமும் நீ செய்ய நான் வெளியிலை நிக்கிறதோ?" என்றாள்.

"அப்ப என்ன செய்யப்போறாய்? சிஸ்டரின்ரை அனுமதித் துண்டு இல்லாமல் மாணவிகளை அங்கை விடமாட்டினம். ஏன் நேற்றே போடேல்லையெண்டு சிஸ்டர் கேட்பா. கேட்டால்..."

"தெரியும்," என்றாள் சுபாஜினி.

சிவகௌரி சிஸ்டர் கொக்குவில்காரி. கறாரான மனுஷி. போர்வை மடிப்பு கோணினால் கட்டிலையே கலைத்துப் போடுகிறவர். சுபாஜினி அவருக்கு முன்னால் பேணியை வைத்து, முதலில் பல்லின் கதையைச் சொன்னாள். சிஸ்டர் கேட்டது ஒரே கேள்வி.

"உம்மட்டைச் சொன்னவ எண்டால், செய்யேக்கை ஏன் போடேல்லை?"

"நான் செய்யேல்லை சிஸ்டர். திரைக்கு வெளியிலை நிண்டனான். பிரதீபாதான் தனியச் செய்தவ. நான் கேட்டுத்தான்."

"ஏன்?"

"வீட்டிலை பொன்னுருக்கியிருக்கு. புதன்கிழமை அண்ணாவின்ரை கலியாணம்."

அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. சிஸ்டர் வீட்டிலும் பொன்னுருக்கியிருப்பார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு பச்சைப் புத்தகத்தைக் கேட்டார். அந்தப் பக்கத்தை விரித்து, தன் கையெழுத்தைத் தானே உற்றுப் பார்த்தார்.

"உதைப் பாரும். ரெலிபோன் கதைச்சுக்கொண்டு வைச்சது. திரைக்குள்ளை எத்தினை பேர் எண்டு நான் எட்டியும் பாக்கேல்லை."

சிவப்புப் பேனாவால் கையெழுத்தின் மேல் ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில், 'பார்க்காமல் இட்ட கையெழுத்து' என்று எழுதி, கீழே மறுபடியும் கையெழுத்து வைத்துத் திகதியும் போட்டார்.

"பிழை ரெண்டு பேரின்ரையும். ஆனால் ஆறு மாசம் உமக்குத்தான் போகும். அதை என்னாலை நிப்பாட்டேலாது."

"ஓம் சிஸ்டர்."

"இண்டைக்குப் போய்ப் பிரயோசனமில்லை. தாடை இறுகிக் கிடக்கும், பலவந்தம் பண்ணினால் முகம் காயப்படும். நாளைக்கு விடியவே குளிரிலையிருந்து வெளியிலை எடுத்து வைக்கச் சொல்லுறன். ஏழு மணிக்குப் பாப்பம்." பேணியைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். "நாளைக்கு ஆர் வாறது? நீரோ, பிரதீபாவோ?"

"நான் வாறன்."

"புதன்கிழமை கலியாணம் எண்டு சொன்னீர்."

"ஓம் சிஸ்டர். நான் வாறன்."

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குச் சுபாஜினி பிரேத அறை வாசலில் நின்றாள். கொண்டை சரியான உயரத்தில், வலை சரியான நிறத்தில். அன்றைக்கு ஒன்பது விதியும் அவள் தலையில் ஒழுங்காக இருந்தன. உள்ளே போகும்போது அம்மாவின் முகம் ஒருதரம் வந்து போனது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சிஸ்டர் முதலே வந்திருந்தார். வெந்நீர் விட்ட பேசினைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அடைக்கலநாதன் துணியை விலக்கினார்.

பிரதீபா சொன்னது சரி. வாய் உள்ளுக்குப் போய், கன்னம் குழிந்து, யாரோ ஒரு கிழவி கிடந்தாள். வாகீசன் திரும்பிப் போடுவான் என்று அந்த அம்மா பயந்த அதே கிழவி.

உயிரோடு இருப்பவரிடம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுத்தான் இறந்தவரையும் தொட வேண்டும் என்று முதலாம் வருடத்திலேயே படிப்பித்திருந்தார்கள். சோதனையில் எழுதி ஐந்து புள்ளி வாங்கியிருந்தாள். இன்றைக்குத்தான் உண்மையாகச் சொன்னாள்.

"பூபதியம்மா, சுபாஜினி வந்திருக்கிறன். பிந்திப்போனன். வாயைக் கொஞ்சம் திறக்கப்போறன், என்ன?"

வெந்நீரில் துணியைத் தோய்த்துப் பிழிந்து, தாடையின் இரண்டு பக்கமும் ஒத்தடம் கொடுத்தாள். குளிர் விரலில் ஏறிற்று. துணி ஆற ஆறச் சிஸ்டர் பேசினைக் கிட்டக் கொண்டுவந்தார். பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். பெருவிரலால் மெல்ல மெல்ல உருவிக்கொண்டே இருந்தாள். ஏதோ ஒரு கட்டத்தில் தாடை சின்னதாக விட்டுக்கொடுத்தது. மேல் வரிசையை வைத்தாள். கீழ் வரிசை இரண்டு தரம் வழுக்கி, மூன்றாம் தரம் போய் இருந்துகொண்டது. வாயை மூடி, தாடைக்குக் கீழே துணியை உருட்டி வைத்தாள்.

கன்னம் நிரம்பிற்று. உதடு வெளியே வந்தது. குறும்புக் கதை ஒன்றைச் சொல்லிவிட்டு, யார் சிரிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிற அதே வாய். சுபாஜினிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே முகத்தைத் துடைத்தாள், தலையை நடுவகிடு பிரித்து இழுத்தாள், காதுக்குப் பின்னால் பறந்த மயிரை ஒதுக்கினாள். டொக்டர்மார் வரலாம் இனி.

"இது முழுச் செய்முறை இல்லை," என்றார் சிஸ்டர் வெளியே வந்ததும். "கையெழுத்து வைக்கமாட்டன்."

"தெரியும் சிஸ்டர்."

சிஸ்டர் பேசினிலிருந்த தண்ணீரை ஊற்றினார். போகும்போது சுபாஜினியின் தோளில் ஒருதரம் கையை வைத்துவிட்டுப் போனார்.

பத்தரை மணிபோல, பதிவேட்டைக் கொடுக்கக் கல்லூரிப் பக்கம் போகிற வழியில், பிரேத அறைக்கு முன்னால் ஒரு வெள்ளை வான் நின்றது. நடுத்தர வயது ஆள் ஒருவர், கசங்கிய சேட்டும் நித்திரையில்லாத கண்ணுமாக, ரெலிபோனில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். "ஓம், பாத்திட்டன். அம்மா அப்பிடியே இருக்கிறா. அப்பிடியே இருக்கிறா." சுபாஜினி தலையைக் குனிந்துகொண்டு கடந்து போனாள்.

சண்முகநாதன் சேர், கல்லூரியில் அவர்களுடைய தொகுதிக்குப் பொறுப்பானவர், பச்சைப் புத்தகத்தில் சிவப்புக் கோடு விழுந்த பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். பெயர் இந்தமுறை போகாது என்றார். விதிப்படி பாதுகாவலருக்குக் கடிதம் உண்டு, வாசித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வர வேண்டும். அச்சடித்த கடிதத்தை உறையில் போட்டு ஒட்டும்போது, "நீர் வந்து சொல்லாட்டி எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது," என்று தனக்குச் சொல்வதுபோலச் சொன்னார். ஆறு மாதத்தில் ஒரு நாளும் அதனால் குறையவில்லை.

விடுதியில் இரண்டு தரம் குளித்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள். ஆனாலும் சாவகச்சேரியில் இறங்கி மட்டுவிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது, வாழை கட்டிய படலையைத் தாண்ட அவளுக்குக் கால் வரவில்லை. உள்ளே பந்தலில் கோபிசங்கர் வாடகைக்குக் கதிரை கொண்டுவந்தவனோடு வாக்குவாதப்பட்டுக்கொண்டிருந்தான். மீனாம்பிகை கண்டுவிட்டு ஓடிவந்தாள்.

"ஏன் பிள்ளை உதிலை நிக்கிறாய்? வா உள்ளை."

சுபாஜினி கடிதத்தை நீட்டினாள். மீனாம்பிகை உறையைக் கிழித்து, படலையடி வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். 'தங்கள் மகள், இறந்தவரின் உடலைப் பேணும் செய்முறையைத் தாம் செய்யாதிருந்தும் செய்ததாகப் பதிந்தமையால்...' வாசித்துக்கொண்டு போகப் போக அவள் முகம் தெளிந்தது.

"செய்யேல்லையெண்டுதானே எழுதியிருக்கு? அப்ப நீ தொடேல்லை! சொன்ன சொல்லைக் காப்பாத்தினதுக்கோ உவை கடிதம் போடுறது?" கையைப் பிடிக்க வந்தாள்.

"தொடாதேங்கோ அம்மா." சுபாஜினி ஒரு அடி பின்னால் போனாள். "சனிக்கிழமை தொடேல்லை. இண்டைக்குக் காலமை தொட்டனான்."

மீனாம்பிகையின் கை அப்படியே நின்றது. பந்தல் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். "பின்னாலை வா," என்று மட்டும் சொல்லிவிட்டு, வீட்டுக்குள் போகாமல் வேலியோரமாகக் கிணற்றடிக்கு நடந்தாள்.

சுபாஜினியை உடுத்த உடுப்போடு இருத்தி, தொட்டியிலிருந்து வாளியால் அள்ளி ஊற்றினாள். முதல் வாளிக்கு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவதுக்கும் கேட்கவில்லை. மூன்றாவது வாளி அள்ளும்போது, "ஆர் அது?" என்றாள்.

சுபாஜினி சொன்னாள். பேணி, பால்மா டின், கொடுத்த வாக்கு, திரை, கையெழுத்து, குழிந்த கன்னம், வெந்நீர், எல்லாம். தண்ணீர் தலையில் விழும்போது நிறுத்தி, வழிந்ததும் தொடர்ந்தாள். கனடாவிலிருந்து வந்த மகன் ரெலிபோனில் சொன்னதைச் சொன்னபோது வாளி வரவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். மீனாம்பிகை வாளியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்தப் பிள்ளை தாயின்ரை முகத்தைப் பாத்திட்டுது," என்றாள்.

"ஓம்."

"கொப்பரின்ரை கண் மூடியிருந்ததோ எண்டுகூட எனக்குத் தெரியாது."

புருஷன் போன நாலு வருடத்தில் அவள் இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. கண் மூடியிருந்ததா, வாய் மூடியிருந்ததா, கை எப்படி இருந்தது, ஒன்றும் தெரியாமல் எத்தனை நாள் இந்தக் குசினிக்குள் நின்று சமைத்திருப்பாள்.

"மூடியிருப்பினம் அம்மா. எங்கடை புத்தகத்திலை முதலாவதே அதுதான். கண் இமையை மூடி, கொஞ்ச நேரம் கையாலை பிடிச்சிருக்கோணும்."

"எல்லாரும் அதைச் செய்வினமோ?" மீனாம்பிகை உண்மையாக அறிய வேண்டித்தான் கேட்டாள், அவள் கேள்வியில் குத்தல் இல்லை. "அல்லது செய்ததெண்டு எழுதிப்போட்டு விட்டிடுவினமோ?"

சுபாஜினி முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். இருபத்தேழாவது விதி யாருக்கு எழுதியது என்று அவளுக்கு இப்போது நன்றாகத் தெரிந்தது. இந்த மனுஷிக்கு எழுதியது. மூடிய பெட்டியைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, இரவு பகலாக இதையே யோசிக்கிற ஆட்களுக்கு எழுதியது.

மீனாம்பிகை இன்னொரு வாளி ஊற்றினாள். பிறகு தன் சேலைத் தலைப்பால் மகளின் தலையைத் துவட்டினாள். தொட்டுத்தான் துவட்டினாள்.

"கொப்பரைத் தொட்டவளும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே," என்றாள் மெல்ல. "அவளின்ரை வீட்டிலை அண்டைக்கு என்ன விசேஷமோ. கையைக் கழுவிப்போட்டுப் போய் ஆருக்கோ சோறு போட்டிருப்பாள். எழும்பு. குளிர் பிடிக்கப்போகுது. புதன்கிழமை நீதான் தட்டுத் தூக்கிறாய்."

"அம்மா, துடக்கு..."

"தண்ணி வாத்தாச்சு, துடக்குப் போச்சு. எழும்பு."

குசினி வாசலில் வைத்து, கல்யாணச் சாமான் பட்டியல் எழுதிய பேனாவால் மீனாம்பிகை கடிதத்தில் கையெழுத்து வைத்தாள். வைக்க முதல் ஆரம்பத்திலிருந்து கடைசி வரி மட்டும் இன்னொருதரம் வாசித்தாள். கடிதத்தை மடித்து மகளிடம் கொடுத்தவள், உடனே கையை எடுக்கவில்லை.

"அந்த மூண்டாவதை நீ இனித்தானே செய்யோணும்?"

"ஓம் அம்மா."

"செய்யேக்கை, கண்ணிலை கொஞ்சம் கூட நேரம் கையை வைச்சிரு," என்றாள் மீனாம்பிகை.